பாலில் நனைத்த பன்

காந்திபுரத்தில் அந்தியூர் பஸ்சுக்குக் காத்திருக்கிறேன். பஸ் நிலையத்து பேக்கரி வாசல் பெஞ்சில், கழுத்தில் கட்டுப் போட்ட ஒரு பெரியவர் சாய்ந்திருக்கிறார். பக்கத்தில் அவர் மனைவி. பன்னின் மேல்தோலைக் கிள்ளிப் போட்டுவிட்டு, உள்ளிருக்கும் மெத்தென்ற பகுதியை மட்டும் பாலில் நனைக்கிறார். அதில் பாட்டிலிலிருந்து சிக்கன் ஸ்ப்ரெட் என்கிற கோழி விழுதை வழித்துத் தடவி அவருக்கு ஊட்டுகிறார். ஒரு வாய் உள்ளே இறங்குவதற்குள் பால் ஆறிவிடுகிறது.

சூடான பால் வாங்க அந்த அம்மா நான் நிற்கும் கல்லாப் பக்கம் வருகிறார். என் வாய் சும்மா இருப்பதில்லை.

"அந்தப் பாட்டில்ல கோழி கொஞ்சந்தாம்மா இருக்கும். மிச்சமெல்லாம் எண்ணெயும் உப்பும். சத்துக்குன்னா முட்டையை மசிச்சுக் குடுங்க."

அவர் கோபிக்கவில்லை. குரலைத் தாழ்த்துகிறார்.

"அவருக்குக் கோழின்னா உசுருங்க கண்ணு. இப்ப மெல்ல முடியறதில்லீங்க. ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, இனி ஆசப்பட்டதக் குடுங்கன்னு ஆஸ்பத்திரில சொல்லிப்போட்டாங்க."

பாலோடு பெஞ்சுக்குத் திரும்பியவர், எனக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொல்கிறார்:

"அந்தத் தம்பியுஞ் சொல்றாருங்க மாமா, இது அத்தனையும் கோழிச் சத்துத்தானாம். சீக்கிரமே தெம்பு வந்துருமாம்."

பெரியவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார். ஆமாம் என்று தலையாட்டுகிறேன்.

அவர் வாயைத் திறக்கிறார்.