அக்காவின் வெறும் நெற்றி

இந்த நினைவு மலரின் முன்பக்கப் படத்தில் அக்காவின் நெற்றி வெறுமையாக இருக்கிறது. அது அச்சுப் பிழை அன்று. அச்சகத்தார் தொலைபேசியில் அழைத்து, "சேர், அம்மாவின்ர நெத்தியில ஒண்டும் இல்லை. கொம்பியூட்டரில திருநீறு போட்டு விடட்டோ? கேக்கிற ஆக்களுக்குப் போட்டுக் குடுக்கிறனாங்கள்" என்று நல்ல மனதோடுதான் கேட்டார். வேண்டாம் என்றேன். கோயில் பரிபாலன சபையின் செயலாளராக இருந்துகொண்டு நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை உங்கள் எல்லோருக்கும் விளக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். வெட்கத்தோடுதான் விளக்குகிறேன்.

அக்கா கொட்டாஞ்சேனையில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். அப்பா துறைமுகத்தில் எழுதுவினைஞர், பழுத்த சைவர். பொழுதுபட்டதும் கால் முகம் கழுவிப் பதிகம் பாடமாக்காமல் எங்கள் வீட்டில் சாப்பாடு கிடையாது. நான் பாதியில் நழுவி ஒழுங்கைக்குக் கிரிக்கெட் விளையாட ஓடிவிடுவேன். அக்கா இருந்து எல்லாவற்றையும் பாடமாக்கினார். அவருக்குப் பிடித்தது அதிலிருந்த தமிழ்தான், கடவுள் அல்ல என்பது எங்களுக்கு வெகுகாலம் கழித்தே தெரிந்தது. படிப்பு முடிந்ததும், நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் தட்டச்சாளராகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே வேலை செய்தார். மணமாகிச் சில ஆண்டுகளிலேயே அத்தான் மாரடைப்பால் காலமானார். பிள்ளைகள் இல்லை. அதன் பின்னர் வெள்ளவத்தையில், நாங்கள் இருக்கும் தொடர்மாடியிலேயே மேல்தளத்தில் தனியாக இருந்துகொண்டு கதைகள் எழுதினார்.

அவருடைய கதைகளில் கடவுள் வருவதில்லை; கோயில் வரும். ஒரு கதையில், தொடர்மாடியில் வாழும் பெண்ணொருத்தி அழுவதற்காகவே கோயிலுக்குப் போவாள். வீட்டில் அழுதால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். கோயிலில் அழுதால் பக்தி என்று விட்டுவிடுவார்கள். அது அச்சில் வந்த வாரம் சபை உறுப்பினர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "செயலாளர், உங்கட அக்கா கோயிலை நக்கலடிச்சு எழுதியிருக்கிறாவாமே?" அத்தான் போனதிலிருந்து அவவுக்கு மனம் சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். அவர் அதை நம்பினார் என்பதுதான் கேவலம்.

அக்காவின் புத்தக வெளியீட்டில் விமர்சகர் ஒருவரும் இதையேதான் அலங்காரமாகச் சொன்னார். இளவயது இழப்பே எழுத்தாளரை நாத்திகராக்கிவிட்டது என்று உருகினார். அக்கா ஏற்புரைக்கு எழுந்து, "கடவுள் இல்லையெண்டு சொல்லுறதுக்கு வீட்டில ஒரு சா விழவேணுமே? யோசிச்சாப் போதாதே? அவர் உயிரோட இருக்கேக்கையே நான் கும்பிடுறதை விட்டிட்டன். அவருக்கும் அது தெரியும்" என்றார். மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. முன்வரிசையில் இருந்த நான் கையிலிருந்த வடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்படிப்பட்டவரைத்தான் வெள்ளவத்தையில் எந்தச் செத்தவீடு என்றாலும் முதலில் தேடுவார்கள். பிரேதத்தின் முன் உரலில் சுண்ணப்பொடி இடிக்கும்போது பாடும் பாட்டைப் புத்தகம் பாராமல் முழுதும் பாட எங்கள் வட்டாரத்தில் வேறு ஆளில்லை. அழைத்தால் போவார். அதிகம் அழுபவருக்குப் பக்கத்தில் நின்று பாடுவார். திருநீற்றுத் தட்டு வந்தால் மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கி, பூசாமல் அடுத்தவருக்குக் கொடுப்பார். எங்கள் அம்மாவின் செத்தவீட்டிலும் அப்படியே செய்தார். பாடி முடித்துத் தொண்டை கட்டிப் போயிருந்தவரிடம் அன்று நான் கோபமாகவே கேட்டேன்.

"அக்கா, நம்பிக்கை இல்லையெண்டுறியள். பிறகு என்னெண்டு இதைப் பாடுறியள்?"

"பாட்டு உண்மை. அழுகிற சனம் உண்மை. அது ரெண்டையும் நான் பாக்கிறன். மிச்சம் உன்ர பாடு, நீ பாத்துக்கொள்" என்றார்.

கடைசி மாதங்களில் அக்காவுக்கு நுரையீரலில் நோய். மூச்சு வாங்கியபோதும் தாதியரோடு சிங்களத்தில் பகிடி விட்டுச் சிரித்தார். ஒரு நாள் பின்னேரம் என் கையைப் பிடித்து, "தம்பி, எனக்குச் சடங்கு ஒண்டும் வேண்டாம். திருநீறும் பூசாதை. சனம் கதைச்சா, அக்கா சொன்னவ எண்டு சொல்லு" என்றார். "ஓம் அக்கா" என்றேன். அவர் என்னிடம் கேட்டது அவ்வளவுதான்.

அவர் மறைந்த அன்று ஒருவரும் என்னை வற்புறுத்தவில்லை. உடலை வைத்திருந்த மலர்ச்சாலைக்கு வந்த மாமி ஒருவர், "குருக்கள் எப்ப வாறார்?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். "நாளைக்குக் காலமை வந்திடுவார் மாமி" என்று என் வாய் சொல்லிவிட்டது. அக்கா சொன்னவ என்ற இரண்டு சொல் அதற்கு வரவில்லை. சொன்ன பொய்யைக் காப்பாற்றத்தான் பிறகு குருக்களைத் தேடினேன்.

மறுநாள் உரலும் உலக்கையும் வந்தன. பாட ஆளில்லை. சபை உறுப்பினர்கள் ஏழெட்டுப் பேர் நின்றோம். முதல் அடியைத் தாண்ட ஒருவராலும் முடியவில்லை. கடைசியில் என் மருமகள் கைத்தொலைபேசியில் பாட்டைத் தேடி எடுத்து ஒலிபெருக்கியில் போட்டாள். ஓங்கிய உலக்கை இறங்குவதற்குள் பாட்டு நின்று, விளம்பரத்தில் ஒரு பெண் சிங்களத்தில் உற்சாகமாகத் துணி தோய்க்கும் சவர்க்காரத் தூள் விற்கத் தொடங்கினாள். உலக்கையைப் பிடித்தவர்கள் அப்படியே நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அக்கா இருந்திருந்தால் சிரித்திருப்பார். மிச்சம் என் பாடு என்று அவர் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம்பிக்கை உள்ள நாங்கள் இத்தனை காலமும் அது இல்லாதவரின் தொண்டையில்தான் எங்கள் செத்தவீடுகளை நடத்தியிருக்கிறோம்.

பின்னர் திருநீற்றுத் தட்டு வந்தது. அக்காவின் நெற்றியில் மூன்று குறியாக நானே பூசினேன். தட்டை வாங்கி அடுத்தவருக்குக் கொடுக்க அவரால் அன்று முடியவில்லை.

அக்கா மறைந்து இன்று முப்பத்தோராம் நாள். குருக்களை அழைக்கவில்லை; மதியச் சாப்பாடும் அக்காவின் ஒரு கதை வாசிப்பும் மட்டுமே. கோயிலில் அழப் போகும் பெண்ணின் கதைதான். நானே வாசிப்பேன். சனம் கேட்டால், அக்கா சொன்னவ என்று இன்று சொல்வேன்.

அக்காவின் நோயில் துணை நின்ற வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், நோன்பு காலத்திலும் தவறாமல் கஞ்சி கொண்டுவந்த எதிர்வீட்டு ஹாஜியார் குடும்பத்தாருக்கும், புதுக்கடை நண்பர்களுக்கும், அக்காவின் வாசகர்களுக்கும், தூரம் பாராமல் வந்து எங்கள் துயரில் பங்கெடுத்த ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது. உங்களிடம் இன்னும் ஓர் உதவி வேண்டும். இந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டுகிறவர்கள் அதில் சந்தனமோ திருநீறோ வைக்க வேண்டாம். நான் ஒருமுறை பூசிவிட்டேன். அதைத் துடைத்துவிட இனி எனக்கு வழியில்லை.

அன்புத் தம்பி
வெள்ளவத்தை