முளை வைத்த மடிப்புப் பலகை

பட்டு படும் இடத்தில் இரும்பு ஆணி கூடாது. துருக்கறை ஏறும், இழை மாட்டும். எங்கள் பிள்ளையார்பாளையத்தில் எல்லா நெசவு வீட்டிலும் அதுதான் வழக்கம். அதனால் என் மனைவி நெய்யும் சேலைகளை மடிக்க நான் பலகை செய்தபோது, இரண்டு பலா மரத்துண்டுகளை ஆணியில்லாமல் சேர்க்க வேண்டியிருந்தது. அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் பள்ளியில் கணக்கு வாத்தியார். தச்சுவேலை விடுமுறைப் பொழுதுபோக்கு.

விளிம்புகளில் துளையிட்டு, மூங்கிலில் சீவிய சிறு குச்சிகளை முளையாக அடிக்கலாம். துளைகள் மயிரிழை பிசகினாலும் ஒரு பலகை தூக்கிக்கொள்ளும். அல்லது விளிம்புகளில் நீளப் பள்ளமாகக் காடி எடுத்து, நடுவே மெல்லிய மரச் சில்லைச் செருகி ஒட்டலாம். அதில் பலகைகள் சமமாக நிற்கும். ஆனால் மெதுவான வேலை.

“சில்லே வையுங்களேன். இன்னா அவசரம்?” என்றாள்.

“முளை போதும். எனக்கு அளக்கத் தெரியாதா?”

“அளப்பீங்க வாத்தியாரே, கை நிக்கணுமே!”

சிரித்துக்கொண்டே முளைதான் அடித்தேன்.

அந்த வாரம், தன் தங்கையின் முகூர்த்தத்துக்கென்று அவள் நெய்த அரக்குச் சேலை தறியிலிருந்து இறங்கியது. பலகையில் போட்டு மடிக்கும்போது முந்தானையில் ஓர் இழை இழுத்துக்கொண்டது. அவள் முகம் வெளுத்துவிட்டது.

“உன் கண்ணாடி வளையல் பட்டிருக்கும். பாத்து மடிக்கக் கூடாதா?” என்றேன்.

குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். சேலையை ஒதுக்கிவிட்டு, பலகையின் இணைப்பின் மேல் விரலை ஓட்டினேன். ஒரு பக்கம் நகக்கனம் உயர்ந்திருந்தது. அவள் திரும்புவதற்குள் உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்கிவிட்டேன். இழையை இழுத்தது பலகைதான் என்று அவளிடம் சொல்லவில்லை.

அதன்பின் பட்டைத் தொடுமுன் வளையல்களின் மேல் பழந்துணி சுற்றிக்கொள்வாள். ஒற்றைக் கையால் முடிய வராது. கையை என்னிடம் நீட்டுவாள்; முடிச்சுப் போட்டுவிடுவேன். வருடக்கணக்காகப் போட்டேன்.

கண் மங்கி அவள் தறியை விட்ட நாளில், கடைசி முடிச்சை அவிழ்த்துக்கொண்டே உண்மையைச் சொன்னேன்.

“அன்னிக்கே தெரியும். நீங்க தேச்ச மரத்தூள் சேலை மேலயே கெடந்துது.”

“அப்புறம் எதுக்கு இத்தனை வருஷம் கட்டிக்கினே?”

“ஒவ்வொரு வாட்டி கையை நீட்டும்போதும், இன்னிக்காச்சும் சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன்” என்றாள்.

துணி அவிழ்ந்த பிறகும் அவள் கையை எடுத்துக்கொள்ளவில்லை.