கொடிக்கு அடியில் ஒரு பெயர்

ஒரு பெண்ணின் பெயர் அவள் வாழ்நாளில் எத்தனை இடத்தில் எழுதப்படும்? ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒருமுறை, கல்யாணப் பத்திரிகையில் ஒருமுறை, ரேஷன் கார்டில் புருஷன் பெயருக்குக் கீழே ஒருமுறை. ரெஜினாவுக்கு இன்னோர் இடமும் இருந்தது. அணுமின் நிலைய ஊழியர் குடியிருப்பான அணுபுரத்துக்கு மேற்கே, காலனியின் கடைசி வரிசையில், அவள் வீட்டு முன்சுவரில், வாசலுக்கு வலப்புறம்.

'அரசு இலவசத் தொகுப்பு வீடு' என்று அங்கே சிமென்ட்டிலேயே புடைப்பாக எழுதியிருந்தது. கீழே 'பயனாளி' என்று இன்னொரு வரி. எல்லா வீட்டுக்கும் ஒரே அச்சு. பயனாளிக்கு எதிரே மட்டும் பெயிண்டர் ஒருவர் வந்து, நீல வண்ணத்தில் 'ஜெ. ரெஜினா' என்று எழுதிவிட்டுப் போனார். அன்று அவளுக்கு இருபத்து மூன்று வயது. கைக்குழந்தை கவியாவை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தாள்.

"இன்னாடி, உன் பேர நீயே எத்தினி வாட்டி படிப்ப?" என்று சிரித்தான் புருஷன் ஜெரோம்.

ஜெரோம் போய்ச் சேர்ந்து பதினான்கு வருஷமாகிறது. பெருவெள்ளம் வந்த வருஷம் பீரோவுக்குள் தண்ணீர் புகுந்து வீட்டுக் காகிதங்களும் கூழாகிப் போயின. ரெஜினா கலங்கவில்லை. சுவரில்தான் இருக்கிறதே!

கவியாவுக்கு நாவலூரில் வேலை கிடைத்த மாதம்தான் அந்தப் பேச்சு வந்தது.

"ம்மா, அந்த எழுத்து மேல சுண்ணாம்பாவது அடிம்மா. யாரு வந்தாலும் மொதல்ல அதத்தான் படிக்கிறாங்க."

மகள் சொன்னது ரெஜினாவுக்குப் புரிந்தது. எந்தத் தெரு, எந்த ஜனம் என்று சொல்லிவிட அந்த ஒரு வரி போதும். ஆனால் சுண்ணாம்பு அடித்தால் தன் பெயரும் போய்விடுமே!

அவள் மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு ரிசார்ட்டில் அறை பெருக்கும் வேலையில் இருந்தாள். அங்கே மதில் முழுவதும் சின்னச் சின்ன இலைகளோடு ஒரு கொடி, பச்சைப் பாய் விரித்ததுபோல ஒட்டிக்கொண்டிருக்கும். வெள்ளைக்காரர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். ஒரு நாள் அதில் நான்கு துண்டுகளை ஈரத்துணியில் சுற்றி, சாப்பாட்டுப் பைக்குள் வைத்து எடுத்து வந்து, பெயருக்கு நேர் கீழே நட்டாள். கொடி வெளியே மறைக்கும். பெயர் உள்ளே பத்திரமாக இருக்கும். பாவம், அப்படித்தான் நினைத்தாள்.

இரண்டு வருஷத்தில் எழுத்து மறைந்தது. மூன்றாம் வருஷம் பெண் பார்க்க வந்தவர்கள், "ரிசார்ட் மாதிரியே இருக்கே!" என்றார்கள். கவியாவின் முகத்தில் அன்று பூத்த சிரிப்புக்காக ரெஜினா இன்னும் பத்துக் கொடி நட்டிருப்பாள். கல்யாணம் முடிந்தது. அதன்பிறகு சம்பந்தி வீட்டார் ஒருமுறைகூட வரவில்லை. கவியாவும் வரவில்லை. கொடி மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது. ஜன்னலை மூடியது. சன்ஷேடில் ஏறியது. ஓட்டுக்கடியில் விரல் நுழைத்தது. ரிசார்ட்டில் மாதம் ஒருமுறை அதை வெட்டிவிட ஆள் உண்டு. இங்கே யார் இருக்கிறார்கள்?

போன வருஷம் படாளத்திலிருந்து ஜெரோமின் தம்பி சாம் வந்து இறங்கினான்.

"அண்ணி, கரண்ட் பில்லு எங்கண்ணன் பேர்ல கீது. எடம் எங்க நைனா குடியிருந்த எடம். பாதி எனக்கு வரணும், அவ்ளோதான்."

"சர்க்காரு எம்பேர்ல குடுத்த வூடு சாமு இது."

"எங்க கீது உம்பேரு? காட்டு பாக்கலாம்."

கிராம நிர்வாக அலுவலரிடம் இருவரும் போய் நின்றார்கள். பழைய பதிவேடு கிடைக்கவில்லை என்றார் அவர். "திங்கட்கிழமை பட்டாவுக்காக உங்க தெருவுக்கு வர்றேன். சுவத்துல பேர் இருந்தா போட்டோ எடுத்துக்கறேன். அப்புறம் பேச்சே இல்ல."

ரெஜினா அன்று மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள்.

ரிசார்ட் தோட்டக்காரர் கங்காதரனிடம் கேட்டாள். அவர் பதறிப்போனார். "அவசரப்படாத தங்கச்சி. அடியில அறுத்துட்டு ஒரு மாசம் காய வுடு. அப்பால தண்ணி தெளிச்சு, மெதுவா சொரண்டி எடுக்கணும். பச்சையா இழுத்தன்னா சுவத்துத் தோலே உரிஞ்சிகினு வந்துடும்."

ஒரு மாதம்! அவளிடம் இருந்தது மூன்று நாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை முடிந்து திரும்பியவள் புடவையைக்கூட மாற்றாமல் கத்தியை எடுத்தாள். பக்கத்து வீட்டுப் பிரிசில்லா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். எதிரே சாம் பைக்கில் சாய்ந்து நின்றான்.

"இன்னா அண்ணி, காட்டுக்குள்ள பேர தேடிகினு கீறியா? டார்ச் குடுக்கவா?"

"நீ வாய மூடிகினு இரு அண்ணாத்த!" என்றாள் பிரிசில்லா. "அக்கா, அந்த ஆளு பேச்ச கேட்டுகினு இழுக்காத. மெதுவா, மெதுவா."

ஓரத்திலிருந்து ஒவ்வோர் இலையாகக் கிள்ளிக்கொண்டிருந்தாள் ரெஜினா. உச்சி வெயில் வந்தும் இரண்டு சாண் சுவர்தான் தெரிந்தது.

"பேரே இல்லாத சுவத்துக்கு இன்னா சீனு!" என்று சாம் சத்தமாகச் சிரித்தான். தெருவில் நின்ற நான்கு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

முப்பது வருஷ அவமானமும் அந்த நொடியில் அவள் கைகளுக்கு வந்தது. "இதோ பாருடா!" என்று கத்திக்கொண்டே இரண்டு கையாலும் கொடியைப் பற்றி இழுத்தாள்.

வந்தது. முழுசாக, ஒரு கதவு கழன்று வருவதுபோல வந்தது. சிமென்ட் தூள் அவள் கண்ணிலும் வாயிலும் கொட்டியது. துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

அவள் மறைக்க நினைத்த வரி அப்படியே இருந்தது. சிமென்ட் எழுத்தல்லவா! 'அரசு இலவசத் தொகுப்பு வீடு'. நேற்று எழுதியதுபோலப் பளிச்சென்று இருந்தது. கீழே 'பயனாளி' இருந்தது. அதற்கு எதிரே வெறும் செங்கல்.

பிரிசில்லா கீழே கிடந்த கொடியைப் புரட்டினாள். வேர்கள் பூரான் கால்களைப்போல எதையோ கவ்விக்கொண்டிருந்தன. பெயர்ந்த பூச்சுத் துணுக்குகள். ஒவ்வொன்றிலும் நகத்தளவு நீலம். ரெஜினா மடியில் போட்டுக்கொண்டு சாயங்காலம்வரை பொருத்திப் பார்த்தாள். ஓர் எழுத்துக்கூடச் சேரவில்லை. சாம் எப்போது போனான் என்று அவளுக்குத் தெரியாது.

திங்கட்கிழமை அலுவலர் வந்தார். சுவரை வாசித்தார்.

"பேர் எங்கம்மா?"

"நாந்தான் சார் அந்தப் பேரு."

அவர் நல்ல மனிதர்தான். "உங்க பொண்ணு வந்து, 'சின்ன வயசுல சுவத்துல எங்கம்மா பேரத்தான் பாத்தேன்'னு எழுதிக் குடுத்தாகூடப் போதும்மா. மேல பேசிப் பாக்கறேன்."

உயிர் வந்தது ரெஜினாவுக்கு. அங்கேயே நின்று போன் போட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

"ம்மா... இங்க எல்லார்கிட்டயும் நான் அணுபுரம் குவார்ட்டர்ஸ்லதான் பொறந்து வளந்தேன்னு சொல்லிவெச்சிருக்கேன். அந்த வூடு நாம வாடகைக்கு இருந்ததுன்னு சொல்லியிருக்கேன். இப்ப வந்து இன்னான்னும்மா எழுதிக் குடுக்கறது?"

"உனக்காகத்தானடி மூடுனேன்" என்றாள் ரெஜினா.

"நான் சுண்ணாம்புதானம்மா அடிக்கச் சொன்னேன்" என்றாள் கவியா.

இன்று அந்த வீட்டின் நடுவே ஒரு சுவர் நிற்கிறது. வாசல் சாமுக்கு. ஜன்னலும் அந்த எழுத்தும் ரெஜினாவுக்கு. தெருவில் புதிதாக வருகிறவர்கள் நின்று உரக்க வாசித்துவிட்டுப் போகிறார்கள். அவள் அதை மூடவில்லை. யாருக்காக மூட வேண்டும்?

கொடியின் அடிக்கட்டை மட்டும் மண்ணுக்குள் இருக்கிறது. தினமும் சோறு வடித்ததும் கொதிக்கக் கொதிக்க அந்தக் கஞ்சியைக் கொண்டுபோய் அதன் தலையில் ஊற்றுகிறாள். அப்படியும் வாரத்துக்கு ஒரு தளிர் விடுகிறது.