பருத்தித்துறையில் விரித்த பாய்

இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்திய ஒரு மாசி மாதம். மலாயாவிலிருந்து லீவில் வந்திருந்த நான் காலை ஏழரைக்கு யாழ்ப்பாணத்தில் பருத்தித்துறை பஸ் ஏறினேன். இருபத்தொரு மைல், முப்பது சதம். மறுநாள் காலை கொழும்பு ரயில் பிடிக்கவேண்டும். அண்ணை தண்டையலாக இருந்து ஓட்டிய பாய்க்கப்பல் ரங்கூனிலிருந்து அரிசியோடு அதற்குள் வரவேண்டும். அவரைக் கண்டு ஆறு வருடம்.

முதல்நாள் குருநகரில் ஒரு பறங்கிச் சிநேகிதர் வீட்டில் சாப்பிட்டேன். மகள் உள்ளேயிருந்து “பாய்” என்று கூப்பிட, அவர் எழுந்து போனார். போர்த்துக்கேயத்தில் அது தகப்பனாம், லத்தீன் ‘பாத்தர்’ தேய்ந்தது. மலாயாவில், தைப்பிங்கில் நான் வேலைபார்க்கும் கந்தோர் வாசல் பஞ்சாபிக் காவற்காரரையும் பாய் என்றே கூப்பிடுவோம். அது இந்துஸ்தானியில் சகோதரன், சமஸ்கிருத ‘ப்ராதா’ தேய்ந்தது. நமக்கோ படுக்கவும் பாய், கப்பல் ஓடவும் பாய். இப்படிச் சொல் பொறுக்குவது எனக்குப் பெரிய பொழுதுபோக்கு. அன்று பஸ்ஸில் அதுகூட மனதை ஆற்றவில்லை.

நெல்லியடியில் ஏறிய ஒரு கடலோடியிடம், ரங்கூன் கப்பல் வந்ததா என்று விசாரித்தேன்.

“காத்து விழுந்துபோச்சு, தம்பி. நடுக்கடலிலை நிக்கும்,” என்றார்.

பத்து மணி முதல் பொழுதுபடும்வரை கரையில் நின்றோம், நானும் அண்ணையின் மனைவியான மச்சாளும். பின்னேரம் ஒரு பாய் தெரிந்தது. நான் தண்ணீர்வரை ஓடினேன்.

“உது எங்கடை இல்லை,” என்றா மச்சாள். “எங்கடையிலை நான் தைச்ச ஒட்டு இருக்கும்.”

விளக்கு வைத்தபின், அண்ணைக்கென்று இழைத்து வைத்திருந்த புதுப் பனையோலைப் பாயை எனக்கு விரித்தா. வேண்டாமென்றேன், கேட்கவில்லை. ஓலை மணத்தில் அண்ணையை நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

விடிய எழும்பி, வழக்கப்படி பாயைச் சுருட்டக் குனிந்தேன்.

“விடும் தம்பி, கிடக்கட்டும்.”

“விரிச்சபடி விட்டால் பழக்கம் தெரியாதவன் எண்டு ஆக்கள் சொல்லுவினம், மச்சாள்.”

“சொல்லட்டும். சின்னனிலை ரெண்டுபேரும் ஒரு பாயிலைதானே படுத்தனீங்கள். உம்மடை அண்ணர் வந்து உதிலையே படுக்கட்டும்.”

பஸ் வந்துவிட்டது. திரும்பிப் பார்க்காமல் ஏறினேன்.

தைப்பிங்கில் வேலைக்குத் திரும்பிய முதல்நாள் காலை காவற்காரர் சலாம் வைத்து, அண்ணனைக் கண்டீர்களா என்று ஆவலாகக் கேட்டார்.

“இல்லை, பாய்,” என்றேன்.