துடுப்பில் கேட்ட கடல்

பாப்பாமோட்டை வயல்காரியான நான் கலியாணம் முடித்துக் கடற்கரைக்கு வந்த முதல் வருடம், சீதனத்தோடு கொண்டுவந்த ரேடியோவைத்தான் நம்பினேன். எதிர்வரும் இருபத்துநான்கு மணித்தியாலங்களுக்கு மன்னார்க் கடல் அமைதியாக இருக்கும் என்று ஒருநாள் காலை அது சொன்னது. கடலும் எண்ணெய் போலத்தான் கிடந்தது. ஆனால் என் கணவர் வலையை வள்ளத்தில் ஏற்றவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ரேடியோவைத் தூக்கிக்கொண்டு கரைக்கே போனேன்.

"ரேடியோ சொல்லுறது கேக்கேல்லையோ? ஏன் தொழிலுக்குப் போகேல்லை?"

அவர் சண்டை பிடிக்கவில்லை. இடுப்பளவு நீருக்குள் போய் நின்று துடுப்பின் அகன்ற பக்கத்தை உள்ளே இறக்கிப் பிடித்தார்.

"இஞ்ச வாரும். பிடியில காதை வைச்சுக் கேளும்."

ரேடியோவை வள்ளத்தில் வைத்துவிட்டு, சேலை நனைய இறங்கிப் போய்க் கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு, எங்கோ ஒரு பெரிய கதவைச் சாத்துவது போல ஓர் ஓசை. நீண்ட இடைவெளிக்குப் பின் மறுபடியும். என் பல்வரை அது அதிர்ந்தது.

"எங்கயோ தூரத்துக் காத்தில எழும்பின பெரிய கடல் முருகைக்கல்லில வந்து முட்டத் துவங்கீட்டுது. மத்தியானம் உம்மட கண்ணுக்கும் தெரியும்."

மத்தியானம் பனையோலைகூட அசையவில்லை. கரைக்கு வெளியே முருகைக்கல், அந்தப் பவளப்பாறை, கிடக்கும் இடத்தில் மட்டும் கடல் மாதா கோயில் சுவரளவு எழுந்து, ஒரு கணம் பச்சைக் கண்ணாடியாக நின்று, வெள்ளையாக உடைந்தது. நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

ரேடியோ அப்போதும் அமைதி என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அவர் சொல்லாமலே, நானே அதை நிறுத்தினேன்.