பேர் போன லேப்டாப்

கம்பெனி லேப்டாப்பைப் போன வாரம் சர்வீஸுக்கு என்று வாங்கிக்கொண்டார்கள். இன்னும் வரவில்லை.

சொந்தமாகவே சின்னதாக ஒன்று வாங்கிவிடலாமா என்று, இன்று ஷிப்ட் முடிந்ததும் ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் நோட்டு அளவுக்கு ஒன்றை எடுத்து வைத்தார். "பேர்போன் சார் இது."

"அவ்ளோ பேர் போன கம்பெனிங்களா? கேள்விப்பட்டதே இல்லியே."

சிரித்தார். "அய்யோ, பேர்போன்னா வெறுங்கூடு சார். ஹார்ட் டிஸ்க், ரேமெல்லாம் நாமதான் போட்டுக்கணும். புதுசு எதுக்குங்க? கம்பெனி லேப்டாப்புல கழட்டுனது நெறைய வந்திருக்குது. நல்லா ஓடும்."

அட்டைப்பெட்டி நிறைய ஹார்ட் டிஸ்க் கொண்டுவந்தார். எல்லாவற்றிலும் வெள்ளை ஸ்டிக்கர். பெயர் இருந்த இடத்தை மட்டும் சுரண்டியிருந்தார்கள்.

ஒன்றைச் சரியாகச் சுரண்டவில்லை. 'முருகேசன், டூல் ரூம்.'

முருகேசன் டூல் ரூமில் எனக்குப் பக்கத்து சீட். அவர் லேப்டாப்பும் என்னுடையதோடுதான் சர்வீஸுக்குப் போனது. காலையில் கம்பெனி பஸ்ஸில்கூட, "நமக்குப் புதுசே குடுப்பாங்க போலருக்குதுப்பா" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

பெட்டியை அடிவரை கிளறினேன். என் பெயர் கண்ணில் படவில்லை.

"என்ன சார் தேடுறீங்க? அடுத்த வாரம் இன்னொரு லோடு வருது, அதுல பாத்துக்கலாம்."

வாங்காமல் திரும்பிவிட்டேன். என் காதில் விழுந்ததுதான் சரி. பேர் போன லேப்டாப்தான்.

சர்வீஸுக்குப் போன கம்பெனி லேப்டாப் யாருக்காவது திரும்பி வந்திருந்தால் கீழே ஒரு வரி எழுதுங்கள். நாளைக் காலை பஸ்ஸில் முருகேசனுக்குச் சொல்ல ஏதாவது வேண்டும்.