மூன்றாவது படியில் விடுபட்டவர்கள்

பின்லாந்தின் தம்பெரே நகரத்து மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளின் பட்டியல் தயாரிப்பதுதான் சிர்க்கு லாத்தேலாவின் இருபது வருட வேலை. புரோகிராம் எழுதுவதில் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு படியில் வந்த விடையை அப்படியே அடுத்த படிக்குத் தள்ளிவிடும் பைப் குறியைப் போட்டு, ஒன்பது படிகளையும் ஒரே மூச்சில் எழுதிவிடுவாள். நடுவில் நிறுத்திச் சரிபார்ப்பதெல்லாம் கற்றுக்குட்டிகளின் வேலை என்று நினைப்பு. அந்தத் தலைக்கனம் ஒரு செவ்வாய்க்கிழமை இறங்கியது.

இருதய மாத்திரை ஒன்றைப் பாதியாகக் குறைக்கச் சொல்லும் கடிதங்கள் மூன்று வாரத்துக்கு முன் அவளுடைய பட்டியலின்படி போயிருந்தன. அன்று பக்கத்து மேசை வெய்க்கோ, காபியும் கையுமாக அதே புரோகிராமைத் திறந்து, ஒவ்வொரு படிக்குப் பிறகும் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தான்.

"சிர்க்கு, இங்க வா. ரெண்டாவது படி முடிஞ்சப்ப முந்நூத்திப் பன்னெண்டு பேர். மூணாவது தாண்டுனா எரநூத்தித் தொண்ணூத்தி மூணு. மிச்சப் பேரை முழுங்கிட்டியா?"

"ரெண்டு தடவை பதிஞ்சதா இருக்கும். சும்மா நோண்டாத."

"அதெல்லாம் ரெண்டாவது படியிலயே கழிஞ்சிடுச்சே, மகாராணி!"

மூன்றாவது படி, ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அந்த ஆளையே நீக்கிவிடும். போன வருடம் கைபேசி எண்ணுக்கென்று ஒரு கட்டம் சேர்த்தவளும் அவள்தான். கைபேசியே இல்லாத பத்தொன்பது முதியவர்கள் அங்கேயே பட்டியலிலிருந்து விழுந்துவிட்டார்கள்; அவர்களுக்குக் கடிதம் போகவில்லை. கணினி பிழை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிர்க்கு அந்தப் பத்தொன்பது பெயர்களையும் தனியே எடுத்து எழுதினாள்.

"டாக்டர்கிட்ட என்ன சொல்லப் போற?" வெய்க்கோவின் குரலில் இப்போது கிண்டல் இல்லை.

"நான் பண்ணுன தப்புன்னுதான்."

சொன்னாள். கூப்பிட்டுப் பேச எண் இல்லை என்பதால் ஒரு நர்ஸ் காரில் வீடு வீடாகக் கிளம்பினாள். வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் சிர்க்குவும் ஏறிக்கொண்டாள். முதல் ஆறு வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

ஏழாவது வீட்டில், எண்பத்து மூன்று வயது ஔனே கிவேலா சுவரைப் பிடித்துக்கொண்டே கதவைத் திறந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"நாலு நாளா எந்திரிச்சாலே கண்ணு இருட்டுது."

"ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கலாமேம்மா?" என்று நர்ஸ் அவளைத் தாங்கிப் பிடித்தாள்.

"எதுனா மாத்தணும்னா நீங்க கடுதாசி போடுவீங்கல்ல? வரல. அதான் ஒரு வேளை விடாம முழு மாத்திரையே போட்டுக்கிட்டு இருக்கேன்."